பெட்டிக்கு ஒரு பங்கு

லுஹர் தொழுது முடித்து, தெருவே உண்ட மயக்கத்தில் கிடந்த நேரத்தில், கைருன் பீவி கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் விசிறி முனகியது. அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று சுழல ஆரம்பிக்கிற சன்னமான ஓசை எழும்பி, ஏறி, ஒரு மட்டத்தில் நிற்கும். அது நின்ற பிறகுதான் அவள் நாற்காலியில் உட்காருவது வழக்கம். அன்றைக்கு ஓசை எழும்பியது, ஏறியது, நிற்கவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். திரும்ப முதலிலிருந்து சுழன்று, திரும்பவும் 'டக்'. யாரோ வாசல் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று காதைக் கொடுத்து நிற்பது மாதிரி இருந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். வெகுநேரம் கழித்துத் திரை வெளுத்து, வழக்கமான எழுத்துகள் வந்தன. ஆனாலும் அவள் எதையும் திறந்து பார்க்காமலே அணைத்துவிட்டுத் துணியைப் போர்த்தினாள்.

அந்தப் பெட்டி அவள் கணவர் பஷீருடையது. பஷீர் பாயைப் பழவேற்காட்டில் தெரியாதவர் கிடையாது. ஏரிக்கு இந்தப் பக்கத்து ஊர்களிலும் அந்தப் பக்கத்துக் கடலோரக் குப்பங்களிலும் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கங்கையம்மன் திருவிழா என்று எது நடந்தாலும் வீடியோ எடுக்க அவர்தான். பாலம் கட்டுவதற்கு முன்னால் காமிராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படகில் போவார். பாலம் வந்த பிறகு ஸ்கூட்டரில் போனார். ஸ்கூட்டரில் போனபோதும் பெட்டி மடியில்தான் இருந்தது, அது எப்படி என்று யாருக்கும் புரிந்ததில்லை. எடுத்துவந்ததை இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பேச்சுச் சத்தத்தையெல்லாம் நீக்கிவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டு, ரோஜாப்பூவுக்குள்ளிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு வித்தை செய்து, சி.டி.யாகக் கொடுப்பார். அந்த சி.டி.க்களெல்லாம் உப்புக் காற்றில் புள்ளி விழுந்து என்றைக்கோ போய்விட்டன. பாட்டுப் போடாத, வெட்டாத, எடுத்தது எடுத்தபடியான சங்கதி மட்டும் பெட்டிக்குள் கிடந்தது. எப்போதாவது யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று அவர் எதையும் அழித்ததில்லை.

ஊரையே படம் எடுத்த மனிதர் தன்னை எடுத்துக்கொள்ளவில்லை. ஹஜ்ஜுக்குப் போகலாம் என்று ஒரு வருஷம் நினைத்து எடுத்த பாஸ்போர்ட் போட்டோவைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதில் அவர் சீல் குத்தும் அதிகாரியை முறைப்பதுபோல் முறைத்துக்கொண்டிருக்கிறார். கடைசிவரை பொத்தான் போன் வைத்திருந்தவர் என்பதால் குரல் எதிலும் மிஞ்சவில்லை. அவர் போய்ச் சேர்ந்து, அவள் வெளியே போகாமல் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து, சென்னையில் வேலை பார்க்கும் மகன் இர்ஃபான் தன் வேலைக்குத் திரும்பிய பிறகு, வீட்டில் கைருனுக்குப் பேச்சுத் துணை மீன் கொண்டுவரும் கோவிந்தம்மா மட்டுந்தான். கோவிந்தம்மா ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரி. அவள் புருஷன் சுப்பன் கொரோனா வருஷத்தில் மூச்சு முட்டிச் செத்தவன். இரண்டு பேருக்கும் துக்கம் கொண்டாட வேண்டிய அவசியமில்லாத ஒரு சிநேகிதம். மடவை மீனைச் செதில் எடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள், நடுநடுவே சும்மா இருப்பார்கள், அதுவும் பேச்சுப்போலத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரைத் தினமும் போடச் சொன்னது கோவிந்தம்மாதான். துணி போர்த்தியே கிடக்கிற பெட்டியைப் பார்த்துவிட்டு ஒருநாள் கையை முந்தானையில் துடைத்தபடி சொன்னாள். "இன்னா பாயம்மா, இத மூடியே வச்சிக்கினு கீற? உப்புக் காத்துல ஓடாத என்ஜின் பிடிச்சிக்கும். தடைக்காலத்துல நாங்க படக கரையில ஏத்திட்டாலும், தெனம் ஒரு தபா என்ஜின ஓட்டிட்டுத்தான் நிறுத்துவோம். நீயும் தெனம் ஓட்டு."

கைருனுக்கு அது நியாயமாகப் பட்டது. கடலோரத்தில் பிறந்த யாருக்கும் அது நியாயமாகத்தான் படும். பூட்டு, தையல் மிஷின், மிக்ஸி எதுவானாலும் சும்மா கிடந்தால் துரு ஏறும், கை பட்டுக்கொண்டிருந்தால் பிழைக்கும். அன்று மத்தியானமே தட்டுத்தடுமாறிப் பெட்டியைப் போட்டாள். சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருப்பானேன் என்று எதையோ அமுக்கினாள். திரையில் ஏதோ ஒரு குப்பத்துக் கல்யாணம் ஓடியது. மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டிருந்தான். காமிராவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து, அவள் காதுக்குப் பக்கத்திலிருந்து, பஷீர் சொன்னார்: "தம்பி, கொஞ்சம் சிரி. பொண்ணு ஓடிறாது."

அன்றைக்கு அவள் அஸர் தொழுகையைத் தாமதமாகத்தான் தொழுதாள்.

அதற்குப் பிறகு நாள் தவறவில்லை. மத்தியானமானால் பெட்டி ஓடும். யார் யாருடைய தாலிகட்டோ, யார் யாருடைய குழந்தை அழுகையோ, எல்லாவற்றுக்கும் ஓரத்தில் அவர் இருந்தார். இருமுவார். யாரையோ பார்த்து நகரச் சொல்லுவார். நாயை விரட்டுவார். ஒரு கிழவியிடம், உன்னை எடுத்தால் காமிரா வெட்கப்படும் என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். கைருன் மணமக்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்திருப்பாள். அந்தக் காற்று இல்லாமல் அவளுக்கு ஆகாது. அலை ஓசை திரையிலிருந்து வருகிறதா ஜன்னலிலிருந்து வருகிறதா என்று சமயத்தில் தெரியாமல் போகும். தெரிய வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு மணிப்பொழுது அவளுக்கு ஒரு தனி ஊர்.

அப்படி ஒருநாள்தான் அது வந்தது. ஏதோ ஒரு விசேஷத்தின் நடுவில் காமிரா ஆடி அசைந்து கீழே போனது. நாற்காலியிலோ பெஞ்சிலோ அதை வைத்துவிட்டார், நிறுத்த மறந்துவிட்டார். திரையில் வெள்ளை மணல், நீல பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள், போகிற வருகிற புடவை ஓரங்கள். ஒரு ஆணின் இரண்டு பாதங்கள் மட்டும் ஓரிடத்தில் நின்றன. காமிராவுக்குப் பின்னால் பஷீருடைய பொத்தான் போனின் டொக் டொக். பிறகு குரல்: "கைரு, நான்தான். சாப்டியா? எனக்கு எடுத்து வைக்காத, இங்கயே முடிஞ்சிரும். ஆங்? இங்க காத்து பேயா அடிக்குது. நீ ஒண்ணு பண்ணு..."

கரண்ட் போய்விட்டது.

மறுபடி வந்தபோது எதை அமுக்கி அதற்குள் போனோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே வெறும் தேதிகள், தேதிக்குள் எண்கள். நூற்றுக்கணக்கில் இருந்தன. தினமும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அந்த மணல் அகப்படவில்லை. அவர் அப்படிப் போன் செய்த நாளை நினைவில் தேடிப் பார்த்தாள், அதுவும் அகப்படவில்லை. அவர்தான் எல்லா விசேஷத்திலிருந்தும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தவராயிற்றே. எதையென்று தனியாக நினைவு வைத்துக்கொள்வது. நீ ஒண்ணு பண்ணு என்றாரே, எதைப் பண்ணச் சொன்னார்? பண்ணினாளா, இல்லையா? சோறு வடிக்கும்போதும், தொழுகைக்கு வுளூ செய்யும்போது தண்ணீர் முழங்கையில் வழியும்போதும் அந்தப் பாதி வாக்கியம் வந்து நிற்கும். ஒரு மனுஷன் கேட்டதைச் செய்யாமல் விட்டுவிட்டோமோ என்ற கவலை கொஞ்சம் கொஞ்சமாக அவளைத் தின்றது. அதை யாரிடம் சொல்வது? செத்துப்போனவரின் குரலைக் கேட்க ஊரார் கல்யாணத்தை நோண்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெருவில் சிரிக்கமாட்டார்களா? கோவிந்தம்மாவிடம்கூட, நீ சொன்னபடி ஓட்டுகிறேன் என்றுமட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

ஆகவே அந்த 'டக்' அவளுக்கு வெறும் மிஷின் சத்தமாகக் கேட்கவில்லை.

பொன்னேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பெனிட்டாவின் அம்மா வீடு பழவேற்காட்டில்தான். ஞாயிறு பூசைக்கு வருகிறவளைக் கோவிந்தம்மா வழியிலேயே மடக்கி இழுத்துவந்தாள். பெனிட்டா பூசைக்கு உடுத்திய பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். திருகாணிகள் சிவந்து உதிர்ந்தன. உள்ளே கைவிட்டு எதையும் அசைக்காமல், காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டாள். பிறகு எழுந்துபோய் முதல் காரியமாக ஏரிப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

"எவ்ளோ நாளா இப்படித் தெனம் போடுறீங்க, ஆன்ட்டி?"

கோவிந்தம்மாதான் முன்னால் வந்து, தான் சொல்லித்தான் பாயம்மா போட்டாள், ஓடாவிட்டால் பிடித்துக்கொள்ளாதா என்று மல்லுக்கு நின்றாள்.

"அது உங்க என்ஜினுக்குச் சரி, அக்கா. இதுக்குள்ள தட்டு மாதிரி ஒண்ணு சுத்துது, அதுமேல ஊசி மாதிரி ஒண்ணு தொடாமத் தொடாமப் போய்ப் படிக்குது. ஒவ்வொரு தடவ சுத்த ஆரம்பிக்கிறப்பவும் இதுக்கு மூச்சு வாங்குது. இது எழுந்திரிக்கிறதுதான் கஷ்டம். சும்மா எழுப்பிக்கினே இருந்தா எவ்ளோ நாள் எழுந்திரிக்கும்?"

கோவிந்தம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. கைருனுக்கு ஏனோ பஷீரின் கடைசி மாதங்கள் ஞாபகம் வந்தன. கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவதுதான் அவருக்கும் பாடு; உட்கார்ந்துவிட்டால் நன்றாகப் பேசுவார்.

பெனிட்டா விவரமாகச் சொன்னாள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் வேறொன்றில் ஏற்றப் பார்த்தால் பாதியில் சூடாகி நின்றுவிடும். சென்னையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் வரும் என்று யாரும் உறுதி சொல்லமாட்டார்கள், போகிற வழியில் பஸ் குலுக்கலுக்கே போனாலும் போகும். வாரத்துக்கு ஒரு தடவை எழுப்பி, தேதி தெரிந்ததை நேராகப் போய் எடுத்துக்கொண்டு, உடனே ஓய்வு கொடுத்தால் சில மாதம் ஓட்டலாம். திறந்து திறந்து தேடுகிற வேலை மட்டும் கூடாது. வோல்டேஜ் ஏறி இறங்கக் கூடாது. ஜன்னல் திறக்கக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள், உங்களுக்கு எந்தத் தேதி வேண்டும், ஆன்ட்டி? கைருன் தலையை ஆட்டினாள். எனக்கென்ன, யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு எடுத்துக் கொடு என்றாள்.

சங்கதி பாலத்தைத் தாண்டிக் குப்பத்துக்குப் போக ஒரு மீன்கூடை போகிற நேரம் போதும். பஷீர் பாயின் பெட்டிக்குள் பாட்டுப் போடாத வீடியோ இருக்கிறது, அதில் செத்தவர்கள் பேசுகிறார்கள், பெட்டி சாகக் கிடக்கிறது. அடுத்த ஞாயிறு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. எல்லோருக்கும் தங்களுடையதுதான் முதலில் வேண்டும். ஒருத்தி தன் அம்மா பாடின ஒப்பாரியைக் கேட்க வந்திருந்தாள். ஒருவன் கல்யாணப் பத்திரிகையைத் தேதிக்காகச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான். சத்தம் கூடியபோது குப்பத்துப் பெரியதனக்காரர் ராஜவேலு கையைத் தூக்கினார். ஏரியில் வலை கட்டும் இடங்களுக்கு அவர்கள் ஊரில் அடித்துக்கொள்வதில்லை. பாடு என்று முறை வைத்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கி யார் முறை வருகிறதோ அவர்கள் அன்றைக்கு அங்கே வலை கட்டலாம். மற்றவர்கள் மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு கரையில் இருக்க வேண்டும். அதேபோல் இங்கேயும் பாடு போட்டுக்கொள்வோம், ஞாயிற்றுக்கு இரண்டு வீடு என்றார் ராஜவேலு. பஷீரின் பழைய தொப்பியில்தான் சீட்டுக் குலுக்கினார்கள். எல்லாம் முடிந்து எழுந்தவர் திரும்ப உட்கார்ந்து இன்னொரு சீட்டைக் கிழித்தார்.

"மீனப் பங்கு போடுறப்போ படகுக்கு ஒரு பங்கு வச்சிட்டுத்தான் ஆளுங்களுக்கு. இங்க இந்தப் பெட்டிதான் படகு. பெட்டிக்கு ஒரு பங்கு. அது பாயம்மாவுது."

அப்படி ஆரம்பித்தது அந்த ஞாயிறுகளின் காலம். கரண்ட் சீராக இருப்பதற்காக இரண்டு பேர் படகு பேட்டரியைத் தோளில் சுமந்துவந்து இன்வெர்ட்டரோடு மாட்டுவார்கள். பெனிட்டா ஜெபமாலையைக் கழுத்தில் போட்டபடியே பொத்தானை அழுத்துவாள். டக், டக் என்று பெட்டி இருமும். அறையில் உள்ளவர்கள் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர்களைப்போல மூச்சடைத்து நிற்பார்கள். எழுந்துவிட்டால் ஒருவரும் கத்தமாட்டார்கள், சத்தத்தில் அது விழுந்துவிடுமோ என்று பயம். பென் டிரைவில் இறங்கி முடிந்ததும் அதை வாங்கிக்கொண்டு, முந்தானையில் முடிந்துகொண்டு, சத்தமில்லாமல் பாலத்தை நோக்கி நடப்பார்கள். கோவிந்தம்மாவின் பாடு மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ வந்தது. மகள் திவ்யாவின் மஞ்சள் நீராட்டு வீடியோ. மறுநாள் மீன் கொண்டுவந்தபோது எப்படி இருந்தது என்று கைருன் கேட்டாள். நல்லா கீது என்றாள் கோவிந்தம்மா. அதற்குமேல் சொல்லாமல் இறாலை எண்ணிக்கொண்டிருந்தாள், இறாலை யாரும் எண்ணி விற்பதில்லை என்றாலும்.

மற்ற நாளெல்லாம் பெட்டி துணிக்குள் உறங்கியது. கைருன் அதற்குத் தனிப் பணிவிடை செய்தாள். கால் பட்டு ஆடாமலிருக்க மேசைக் காலுக்கு அடியில் தேங்காய்நார் வைத்தாள். வாடைக்காற்று அடித்த நாளில் ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்தாள். மத்தியானம் வந்தால் கை தானாகத் துணியை நோக்கிப் போகும். இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஜன்னல் சாத்திய அறையில் புழுக்கத்தோடு உட்கார்ந்து, ஓடாத பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே எங்கேயோ இருட்டில் அவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார், நீ ஒண்ணு பண்ணு என்று. அவரை எழுப்பாமல் இருப்பதுதான் அவரைக் காப்பாற்றுவது என்றால் அப்படியே இருக்கட்டும் என்று சில நாள் தோன்றும். சில நாள் அழுகையாக வரும். அழுதால் அறையில் ஈரம் ஏறுமோ என்று எழுந்து கூடத்துக்குப் போய் அழுதுவிட்டு வருவாள், அவ்வளவு பைத்தியம் பிடித்திருந்தது.

அவள் பாடு வந்தபோது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை முறையில் தனக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குக் கொடுத்தாள். அடுத்த வாரமும் கொடுத்தாள். குப்பத்தில் பாயம்மாவின் மனசைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அவளிடம் தேதி இல்லை என்பதை யார் கண்டார்கள்?

தை பிறந்ததும் பெட்டி இன்னும் தளர்ந்தது. ஒரு ஞாயிறு அது எழுந்திருக்க இருபது தரம் இருமியது. இனி ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் என்று பெனிட்டா சொல்லிவிட்டாள். மீதம் இருந்தது இரண்டு மூன்று வீடுகள். அடுத்த ஞாயிறு ராஜவேலு பேட்டரியோடு வந்து நின்று, இன்றைக்குப் பெட்டியின் பங்கு எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு, படகுப் பங்கை ஏமாற்றின ஊர் உருப்படாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காத்திருந்தவர்களும் தலையாட்டினார்கள். பெனிட்டா பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"தேதி சொல்லுங்க ஆன்ட்டி. தேதி சொன்னாத்தான் நேராப் போக முடியும்."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பொய் சொல்ல ஒரு தேதிகூட அவளுக்கு வாயில் வரவில்லை. இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததை, சாத்திய ஜன்னலைப் பார்த்தபடி, ஒப்பிக்கிறவள்போலச் சொன்னாள்.

"தேதி தெரியாதுமா. எனக்கு யாரு கல்யாணமும் வேணாம். எதுலயோ ஒண்ணுல அவங்க காமிராவ நிறுத்தாமக் கீழ வச்சிட்டு எங்கிட்ட போன்ல பேசுறாங்க. ஒண்ணு பண்ணுன்றாங்க. அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. இன்னா பண்ணச் சொன்னாங்கன்னு தெரியல. அதுக்குத்தான் தெனம் போட்டேன். போட்டுப் போட்டு நானே இதக் கெடுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பெனிட்டா விரலை எடுத்துவிட்டாள். தேடக் கூடாது என்று சட்டம் போட்டவள் அவள். இப்போது தேடித் தருகிறேன் என்று சொல்லவும் முடியாமல், முடியாது என்று சொல்லவும் முடியாமல் தவித்தாள். அந்த வீடியோவில் வேறு என்ன தெரிந்தது, யாராவது முகம் தெரிந்ததா என்று மெதுவாகக் கேட்டாள். முகம் இல்லை என்றாள் கைருன். மணல் தெரிந்தது. நீல நாற்காலிகள். ஒரு ஆம்பிளையின் கால் இரண்டும் அங்கேயே நின்றன, ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு. அதில் ஒரு காலில் விரல் குறை.

ராஜவேலு தலையைத் திருப்பினார். அவர் மட்டுமல்ல, அந்த அறையில் இருந்த குப்பத்தார் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். கோவிந்தம்மா சுவரோரம் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெளுத்தி முள் குத்திச் சீழ் வைத்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில் சுப்பனின் கால் சுண்டுவிரலை எடுத்தது ஊருக்கே தெரிந்த கதை. சுப்பனை ஒன்றிரண்டு முறை வாசலில் வைத்துப் பார்த்தவளுக்கு, அதுவும் முகத்தை மட்டும் பார்த்த கைருனுக்கு, அது எங்கே தெரியப் போகிறது.

"எந்தக் கால் பாயம்மா?"

"இடது."

கோவிந்தம்மா நடந்துவந்து, மடித்து வைத்திருந்த துணியை எடுத்து உதறிப் பெட்டியின்மேல் போர்த்தினாள். குழந்தைக்குப் போர்த்துகிறாற்போல நான்கு பக்கமும் இழுத்துவிட்டாள்.

"இத எழுப்ப வேணாம், பாப்பா. விரலு போன அப்புறம், அவரு உயிரோட இருக்கசொல்ல எங்க வூட்ல நடந்தது திவ்யா சடங்கு ஒண்ணுதான். அது எங்கிட்ட கீது." துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "நான் இன்னும் பாக்கல. நல்லா கீதுன்னு சும்மா சொன்னேன். அவரப் பாக்க தைரியம் வரல எனக்கு."

இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் பாலத்தைக் கடந்தார்கள். ராஜவேலு, பெட்டியின் பங்கு பெட்டிக்கே இருக்கட்டும், இந்த வாரம் அதுக்கு ஓய்வு என்று சொல்லி மற்றவர்களை அனுப்பிவிட்டிருந்தார். சாயங்காலம் ஆகவில்லை, ஆனால் வெயில் இறங்கிவிட்டது. பனி மூட்டத்தில் ஏரிக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இல்லை. தூரத்தில் வலை கட்ட நின்றவர்கள் இடுப்பளவு வெள்ளையில் நின்றார்கள். அது தண்ணீரா மேகமா என்று சொல்ல முடியாது. கைருன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். இத்தனை நாள் இருட்டில் தேடியது, மீன்கூடைக்காரியின் வீட்டு அலமாரியில், மஞ்சள் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அதை நினைக்க அவளுக்குக் கோபம் வரவில்லை. தூக்கத்தில் நடக்கிறவள்போல இருந்தாள்.

கோவிந்தம்மாவின் வீடு கடலுக்கு ஒரு கூப்பிடு தூரம். ஒற்றை அறை, பெரிய டி.வி. பென் டிரைவைச் சொருகத் தெரிந்த திவ்யா கல்யாணமாகி ஆரம்பாக்கத்தில் இருப்பதால் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொருகிவிட்டு, இருக்கவேண்டாம் என்று அவளுக்கே தோன்றி வெளியே போய்விட்டாள். இரண்டு பேரும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். திவ்யா மாலைக்குள் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். சீர்த்தட்டுகள் வந்தன. அத்தைமார்கள் வந்தார்கள். "அந்தம்மா, தட்ட எறக்குங்க, மொகம் மறையுது" என்றார் பஷீர். கைருன் கண்ணை மூடிக்கொண்டாள். கோவிந்தம்மா கண்ணை இமைக்காமல் வைத்துக்கொண்டாள். சுப்பன் ஒரு தடவைதான் முழுசாக வந்தான், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாருக்கோ இலை போடச் சொல்லிக்கொண்டு. காமிராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டு விலகிப் போய்விட்டான். கோவிந்தம்மா, போ போ, எங்கே போனாலும் போ என்று முணுமுணுத்தாள்.

பிறகு காமிரா ஆடிக் கீழே போனது. மணல். நீல நாற்காலிக் கால்கள். வாழையிலை ஒன்று காற்றில் உருண்டு போயிற்று. இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

"தோ, வந்துட்டாரு," என்றாள் கோவிந்தம்மா. "செருப்புப் போடுன்னு அன்னிக்கும் சொன்னேன்." வலது பாதம் எழும்பி இடது பாதத்தில் விரல் இல்லாத ஓரத்தைச் சொறிந்தது. "அது ஆறின புண்ணு. இருந்தாலும் அரிக்குதுன்னுவாரு." சொல்லிவிட்டு அழுதாள், பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

டொக் டொக் என்றது போன்.

"கைரு, நான்தான். சாப்டியா? எனக்கு எடுத்து வைக்காத, இங்கயே முடிஞ்சிரும். ஆங்? இங்க காத்து பேயா அடிக்குது. நீ ஒண்ணு பண்ணு. ரூம்பு ஜன்னல சாத்து. உப்புக் காத்து மிஷின் மேல அடிக்கும், கெட்டுப்பூடும். அல்லாரு வூட்டுக் கல்யாணமும் அதுக்குள்ள கீது. போய்ச் சாத்திட்டு வந்து சொல்லு. நான் லைன்ல கீறேன்."

அவ்வளவுதான். பேச்சு நின்றது. நாயனம் தூரத்தில் கேட்டது. காற்று காமிராவின் காதில் இரைந்தது. பாதங்கள் இரண்டும் மணலை மிதித்துக்கொண்டு அங்கேயே நின்றன. பஷீர் போனை வைக்கவில்லை; மூச்சு விடுவது கேட்டது.

கைருன் எழுந்தாள். கோவிந்தம்மா ஏன் என்று கேட்கவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். அந்த வீட்டு ஜன்னலுக்குக் கதவு கிடையாது. கிழிந்த வலைத்துண்டு ஒன்று ஆணியில் தொங்கியது, அதன் வழியே கடல் காற்று நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. கைருன் தலையிலிருந்து துப்பட்டியை எடுத்து விரித்து, மேல் முனைகள் இரண்டையும் இரண்டு கையாலும் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். துணி பாய்மரம்போல உப்பி அவள் மார்பில் மோதியது. விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், டி.வி.யில், அவர் இன்னும் லைனில்தான் இருந்தார்.